வாய்க்கால் கடைசி வயலிலிருந்து ஆசிரியருக்கு: காலநிலை, மின்சாரம் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

2024-இல் மேட்டூர் அணை, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி திறக்கவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில், ஒரு வாய்க்காலின் கடைசியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் எட்டிய ஒன்றரை ஏக்கரில் மட்டும் குறுவை என்னும் குறுகிய கால நெல்லை நட்டோம். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டோம். இதைப் பற்றி யாராவது பத்திரிகையில் எழுத மாட்டார்களா என்று காத்திருந்துவிட்டு, நானே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது மாதத்தில் ஏழு கடிதம் அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. எட்டாவது வந்தது, பாதியாக வெட்டப்பட்டு. அந்த வெட்டைப் பார்த்துதான் பத்திரிகைக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. அதன் பிறகு அனுப்பியவற்றில் பெரும்பாலானவை வந்துவிட்டன. சொல்லித்தர ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த ஒன்பது மாதம் வீணாகியிருக்காது. நீங்கள் முதல் கடிதத்திலேயே சரியாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை

என் முதல் கடிதம் இரண்டரைப் பக்கம். புவி வெப்பமாதல், நிலக்கரி, ஹைட்ரோகார்பன், மேட்டூர், பயிர்க் காப்பீடு, கஜா புயலில் சாய்ந்த தென்னை என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் படித்து முடிப்பவர் 'சரி, இப்போது யார் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால் அதில் பதில் இல்லை.

"காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடியும் கடிதத்தை எந்த அலுவலகமும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. எனவே எழுதும் முன் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: எனக்கு என்ன வேண்டும், அதை யார் தர முடியும். ஆறு, மதகு, தூர்வாருதல் என்றால் நீர்வளத்துறை. சூரியசக்தி பம்புசெட்டு மானியம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. மின்கட்டணம் என்றால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதிய திட்டத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நிலக்கரிச் சுரங்க ஏலம் என்றால் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம்.

பேச்சில் இன்னும் 'மின்வாரியம்' என்றுதான் சொல்கிறோம். கடிதத்தில் கவனம் வேண்டும். மின்சாரம் தயாரிப்பது, பகிர்ந்தளிப்பது, பசுமை எரிசக்தி மூன்றையும் 2024-இல் தனித்தனிக் கழகங்களாகப் பிரித்துவிட்டார்கள். நம் வயல் கம்பத்துக்கு வரும் மின்சாரம் மின்பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு.

2. எந்தப் பத்திரிகை, எந்தப் பகுதி

ஒரு வாரம் நூலகத்துக்குப் போய் நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதியை மட்டும் படியுங்கள். எத்தனை வரி வரை போடுகிறார்கள், தலைப்பு வைக்கிறார்களா, ஊர்ப் பெயர் எப்படி அச்சாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பழக்கம் உண்டு. தினமலரில் 'இது உங்கள் இடம்' பகுதிக்கு நீளமான கடிதம் பொருந்தும். வேறு சிலவற்றில் ஏழெட்டு வரிக்கு மேல் இடமே கிடையாது.

மாநிலக் கொள்கை பற்றியது என்றால் ஆசிரியர் பக்கத்துக்கு அனுப்புங்கள். வாய்க்கால், மின்மாற்றி, கொள்முதல் நிலையம் பற்றியது என்றால் திருச்சி அல்லது தஞ்சாவூர்ப் பதிப்பின் மாவட்டப் பக்கத்துக்கு அனுப்புங்கள். என் ஏழு கடிதங்களில் நான்கு, மாவட்டப் பக்கத்துக்குப் போயிருக்க வேண்டியவை. சென்னை முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரே கடிதத்தை ஒரே நாளில் நாலு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். இரண்டில் ஒரே நாள் அச்சானால் இரண்டு ஆசிரியர் குழுவிடமும் உங்கள் பெயர் கெட்டுவிடும். பத்து நாள் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்ததற்கு அனுப்பலாம்.

3. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, மும்முனை மின்சாரம் வந்த நேரம், போன நேரம், மழை பெய்த நாள். இவ்வளவு எழுதினால் போதும். "அடிக்கடி கரண்டு இரவில்தான் வருகிறது" என்று நான் எழுதியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. "21 நாளில் 14 நாள் இரவு 11 மணிக்குப் பிறகே வந்தது" என்று எழுதியதுதான் அச்சானது.

அணை நிலவரம் தினமும் பத்திரிகையிலேயே வரும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). நீங்கள் எழுதும் நாளின் நிலவரத்தை அந்த நாள் பத்திரிகையிலிருந்தே எடுத்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட மழையளவும் அப்படியே.

சிட்டா, அடங்கல், மின் இணைப்பு எண் மூன்றையும் வீட்டில் எடுத்து வையுங்கள். இவற்றைக் கடிதத்தோடு அனுப்பத் தேவையில்லை. 'உங்களுக்கு அங்கே நிலம் இருக்கிறதா?' என்று யாராவது கேட்டால் காட்டத்தான். ஆதார் நகலை அனுப்பவே அனுப்பாதீர்கள், எந்த வாசகர் கடிதத்துக்கும் அது தேவை கிடையாது. படம் அனுப்பினால் ஒன்று போதும். அசல் படத்தைக் கைப்பேசியில் அழிக்காமல் வையுங்கள்.

அலுவலகத்தில் மட்டுமே இருக்கும் தகவல் வேண்டுமா? உதாரணமாக, உங்கள் வட்டாரத்தில் சூரியசக்தி பம்புசெட்டுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 'ஏன்' என்று கேட்காதீர்கள். 'எத்தனை', 'எந்தத் தேதியில்', 'நகல் தரவும்' என்று கேளுங்கள். 'ஏன்' என்று கேட்ட என் மனு, இது தகவல் அல்ல என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதில் ஒரு மாதம் போயிற்று.

அரசு ஊழியராகவோ அரசுப் பள்ளி ஆசிரியராகவோ இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசின் கொள்கையை விமர்சித்துப் பத்திரிகையில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகின்றன. வீட்டில் வேறொருவர் பெயரில் போட்டுவிடலாம் என்று யோசிக்க வேண்டாம். அவருக்கே அக்கறை இருந்தால் அவரே எழுதட்டும்.

4. எண்களில் சறுக்கும் இடங்கள்

அச்சாகாத கடிதங்களின் நகலை இப்போது எடுத்துப் படித்தால், பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறேன்.

மெகாவாட்டும் யூனிட்டும் ஒன்றல்ல. மெகாவாட் என்பது திறன், யூனிட் என்பது உண்மையில் கிடைத்த மின்சாரம். ஒரு மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். சூரியத்தகடு இரவில் ஓடாது, காற்றாலை காற்று உள்ள மாதத்தில்தான் நன்றாக ஓடும். எனவே '100 மெகாவாட் நிலக்கரிக்குப் பதில் 100 மெகாவாட் சோலார்' என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் ஒரே வரியில் உங்கள் கடிதத்தை உடைத்துவிடுவார். வீட்டுக் கணக்காகச் சொன்னால், நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது ஏறக்குறைய 3.7 கிலோவாட். இழப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுக்கும்.

கனஅடியும் டி.எம்.சி.யும் அப்படித்தான். விநாடிக்கு இத்தனை கனஅடி என்பது ஓட்டம், டி.எம்.சி. என்பது மொத்த அளவு. விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டால் அணைச் செய்தியில் பாதி விளங்கிவிடும்.

வானிலை வேறு, காலநிலை வேறு. இன்று பெய்த மழை வானிலை. முப்பது ஆண்டுச் சராசரி காலநிலை. "பிப்ரவரி 2023 மழைக்குக் காரணம் புவி வெப்பமாதல்" என்று அடித்துச் சொல்ல உங்களிடமும் என்னிடமும் ஆதாரம் இல்லை. "காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் கொட்டித் தீர்க்கும் மழை கூடும், அறுப்பு நேரத்தில் அப்படி ஒரு மழை பெய்தால் நம் களத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது?" என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி கூடிய முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. அது ஓர் ஆண்டுக் கணக்கு. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி எல்லை பல ஆண்டுச் சராசரியை வைத்தது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் அந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். 'டெல்டா முழுக்க எல்லாம் தடை' என்று எழுதுவது தவறு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதில் உண்டு. மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு அதன் பெயரைச் சேர்த்தார்கள். திருச்சி, கரூர், அரியலூர் அதில் இல்லை. சட்டம் வரும் முன்பே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது மூடவில்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது.

இன்னொன்று, கொஞ்சம் வலிக்கும். தண்ணீர் கட்டிய நெல்வயலிலிருந்தும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது. கிணற்றிலிருந்து எடுக்கும் மீத்தேனை எதிர்த்து எழுதும் நாம் இதை மறைத்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நாமே முதலில் சொல்லிவிடலாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் வாய்க்கால் கடைசியில் இருப்பவன் வயலைக் காயப்போடப் பயப்படுகிறான், மறுமுறை எப்போது தண்ணீர் வரும் என்று அவனுக்குத் தெரியாது. முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதியை முன்கூட்டியே அறிவித்து, அந்தத் தேதியில் விட்டால் அவன் துணிந்து காயப்போடுவான். என் கடிதங்களில் அதிகம் பேர் பேசியது இந்த ஒன்றைத்தான். உலகப் பிரச்சினை என்று நினைத்தது எங்கள் மதகுத் தேதியில் வந்து நின்றது.

5. எழுதுவது

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன்" என்று மனு நடையில் தொடங்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே ஊரும் நாளும் வந்துவிட வேண்டும். நூறு முதல் நூற்றைம்பது சொல் போதும். வெட்டுபவர் கீழிருந்து வெட்டுவார், எனவே கோரிக்கையைக் கடைசிப் பத்தி வரை தள்ளிப்போடாதீர்கள். என் எட்டாவது கடிதத்தில் வெட்டுப்பட்டது கோரிக்கைதான். வந்தும் பயனில்லை.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

*குறுவைக்குப் பகல் மின்சாரம்*

*மேட்டூர் தாமதமாகத் திறந்த 2024-இல் மன்னார்குடிப் பகுதியில் எங்கள் குறுவை பம்புசெட்டை நம்பியே நடந்தது. இரவு இரண்டு மணிக்கு மோட்டார் போட வயலுக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. வேளாண் மின்பாதைகளுக்குப் பகலில் தொடர்ந்து மும்முனை மின்சாரம் தர வேண்டும். சூரிய மின்சாரம் கிடைப்பதும் பகலில்தான். ஒன்றிய அரசின் குசும் திட்டத்தில் தனிப் பம்புசெட்டுக்கு மட்டுமன்றி, ஒரு மின்பாதை முழுவதற்கும் சூரிய மின்சாரம் தர வழி இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மின்பாதையிலாவது அடுத்த குறுவைக்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். நிலக்கரிச் செலவும் குறையும், இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கும் நிலையும் மாறும்.*

கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்டினாலும் கேட்டது நிற்கும். அதுதான் கணக்கு.

தனி மனிதர் பெயரைக் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டாதீர்கள். அவதூறு இன்றும் குற்ற வழக்காகும், பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில். பதவியைச் சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எந்த எண்ணும் கடிதத்துக்குள் வரக் கூடாது, அது நமக்குச் சாதகமாக இருந்தாலும்.

6. அனுப்புவது

மின்னஞ்சல் என்றால் யூனிகோடு எழுத்தில், மின்னஞ்சலின் உள்ளேயே தட்டச்சு செய்யுங்கள். டி.டி.பி. கடையில் கொடுத்தால் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பக்கம் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். என் இரண்டு கடிதங்கள் அப்படித்தான் போயின. 'யூனிகோடில் வேண்டும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், அங்கே யாரோ அதை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பொருள் வரியில் 'வாசகர் கடிதம்' என்று போட்டுத் தலைப்பையும் எழுதுங்கள். கடைசியில் முழுப் பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, கைப்பேசி எண். எண் அச்சாகாது, சரிபார்க்கத்தான்.

தபால் என்றால் ஒரு பக்கம் மட்டும், இடம் விட்டு எழுதுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

7. எப்போது

செய்தி வந்து மூன்று நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து டெல்டாவே கொதித்தது. சில நாளிலேயே அவற்றை நீக்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஒரு வாரம் கழித்துத் தபாலில் போகும் கடிதத்துக்கு வேலையே இல்லை.

காலத்தோடு வருபவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மேட்டூர் பற்றியது மே கடைசியில். வடிகால், தூர்வாரல் பற்றியது வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில். அறுப்பு மழை, கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பு, களத்தில் உலர்த்தும் எந்திரம் பற்றியது ஜனவரி முதல் வாரத்தில். தனி வேளாண் பட்ஜெட்டுக்கான கோரிக்கை என்றால் பட்ஜெட்டுக்கு மூன்று வாரம் முன்பாவது. கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு பத்திரிகையில் வந்தால், பொதுவாகக் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். கடிதத்தை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், மற்றவர்களும் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வர நேரம் இருக்கும்.

8. செலவு

மின்னஞ்சலுக்குச் செலவில்லை. சாதாரணத் தபால் 20 கிராம் வரை 5 ரூபாய். டி.டி.பி. கடையில் ஒரு பக்கத்துக்கு நான் 40 ரூபாய் கொடுத்தேன். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், தபால் தனி. "போட வைக்கிறேன், ஏதாவது கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வாசகர் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது.

9. அழைப்பு வந்தால், தவறாக வந்தால்

அனுப்பிய பத்து நாளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துவிடுங்கள். 'நீங்கள்தான் எழுதினீர்களா, இந்த எண் எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று கேட்பார்கள். நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். நடவு வயலில் நின்றுகொண்டு இரண்டு அழைப்பைத் தவறவிட்டேன், திரும்பக் கூப்பிட்டபோது அந்த நாள் பக்கம் முடிந்திருந்தது.

வெட்டுவது ஆசிரியரின் உரிமை. ஆனால் எண் மாறியோ பொருள் மாறியோ வந்தால் அன்றைக்கே திருத்தம் கேட்டு எழுதுங்கள். ஒரு முறை என் கடிதத்தில் 'கிலோவாட்' என்பது 'மெகாவாட்' ஆகிவிட்டது. மறுநாளே எழுதியதால் நான்காம் நாள் திருத்தம் வந்தது. கேட்டும் செய்யாவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு எழுதலாம், நாளிதழ் என்றால் அச்சான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள். அதுவரை போகத் தேவை எனக்கு வந்ததில்லை.

10. அச்சான பிறகு

பத்திரிகையின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் நகல் எடுங்கள். கடிதத்தை மட்டும் கத்தரித்தால் தேதி போய்விடும். ஐந்து நகல் போதும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு, அதே கோரிக்கையை ஒரு பக்க மனுவாக எழுதி, நகலை இணைத்துக் கொண்டுபோங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு திரும்பாதீர்கள். பதிவு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதலாம்.